வேலையை விட்டு விரட்டினால் காசநோய் ஓடிவிடுமா?

மார்ச் 24, உலக காசநோய் தினம் வந்தால் கூட்டமும் பதாகையும் வரும். நாட்டில் வருடத்துக்கு 8,000க்கும் 9,000க்கும் இடையில் நோயாளர்கள் பதிவாவதே வழக்கம். உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீடோ சுமார் 14,000. மிச்சப் பேர் எங்கே?

சிலர் இருக்கும் இடத்தை நாம் காட்டலாம், தோழர்களே. வெள்ளவத்தையில் புடைவைக் கடையின் மேல்மாடியில், கொட்டாஞ்சேனையில் சாப்பாட்டுக் கடையின் பின்பக்கத்தில், ஜன்னலில்லாத ஒரே அறையில் எட்டுப் பேர், பத்துப் பேர் படுக்கிறார்கள். சாதாரண தரப் பரீட்சை முடிந்தும் முடியாமலும் எமது லயங்களிலிருந்து பஸ் ஏறிய பிள்ளைகள். நாம் எழுத்துச் சொல்லிக் கொடுத்தவர்கள்.

இந்த நோய் காற்றில் பரவுவது. தேநீர்க் கோப்பையில் பரவாது. ஆனால் முதலாளி முதலில் பிரித்து வைப்பது கோப்பையைத்தான். அறைக்கு ஒரு ஜன்னல் வைக்க மாட்டார்.

அரசாங்கத்தின் ஏற்பாட்டை நாம் குறை சொல்லவில்லை. இரண்டு வாரத்துக்கு மேல் இருமினால் சளிப் பரிசோதனை இலவசம். மார்புநோய் கிளினிக் மாவட்டந்தோறும் உண்டு. ஆறு மாத மருந்தும் இலவசம். முதல் இரண்டு மாதம் நான்கு மருந்து, பிறகு நான்கு மாதம் இரண்டு மருந்து. அதை ஒருவர் முன்னிலையில் விழுங்கச் சொல்வதும் சரிதான். ஆனால் காலை ஆறுக்குக் கடை திறந்து இரவு பத்துக்குப் பூட்டுகிறவர் எந்த நேரத்தில் கிளினிக்குக்குப் போவது?

எம்மிடம் படித்த ஒருவரை, சளியில் கிருமி இருப்பது தெரிந்த அன்றே கணக்குத் தீர்த்து ஊருக்கு அனுப்பியது ஒரு கடை. கூடப் படுத்தவர்களைப் பரிசோதிக்கப் போனபோது, அப்படி யாரும் இங்கே வேலை செய்யவில்லை என்று பதில். ஈ.பி.எப். பதிவில் பெயர் இருந்தால்தானே? பதிவில்லாத தொழிலாளிக்கு நோயும் பதிவில்லாமல் போகிறது. அந்த அறையில் இன்னும் எத்தனை பேர் இருமுகிறார்களோ!

தொற்றிவிடும் என்ற பயமாம். ஒழுங்காக மருந்து எடுத்தால் இரண்டு வாரமளவில் பெரும்பாலானோரிடமிருந்து தொற்றுவது நின்றுவிடும். 1954ஆம் ஆண்டின் கடை, காரியாலய ஊழியர் சட்டப்படி, ஒரு வருடம் வேலை செய்தவருக்குச் சம்பளத்தோடு 14 நாள் வருடாந்த லீவும் 7 நாள் தற்செயல் லீவும் உண்டு. கூட்டிப் பாருங்கள், 21 நாள். விரட்டுவதற்கு எந்த நியாயமும் இல்லை. லீவு கொடுக்க மனமில்லை, அவ்வளவுதான்.

ஆகவே கடைகளுக்குப் பொதுச் சுகாதார பரிசோதகர் மட்டும் போனால் போதாது. தொழில் அதிகாரியும் கூடவே போய், ஆட்பதிவையும் படுக்கும் அறையையும் பார்க்க வேண்டும். தமிழில் பேசக்கூடியவர் ஒருவர் அந்தக் குழுவில் இருக்க வேண்டும்.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை. பிள்ளை இருமலோடு திரும்பி வந்தால் காம்பராவுக்குள் ஒளிக்காதீர்கள். கொழும்பில் தொடங்கிய சிகிச்சையை நுவரெலியாவுக்கோ பதுளைக்கோ மாற்றித் தருவார்கள். கிளினிக் கார்டைக் கையோடு கொண்டுவரச் சொல்லுங்கள். வேலையை விட்டு நிறுத்தியிருந்தால், கடையின் பெயர், வேலை செய்த காலம், கூட வேலை செய்த இருவரின் பெயர் ஆகியவற்றோடு தோட்டத் தலைவரிடம் வாருங்கள். தொழில் திணைக்களத்துக்கு மனுவை நாம் எழுதித் தருகிறோம்.