பூட்டாத பேக்கேஜ்

டாக்கர்ஃபைலில் 'என்பிஎம் இன்ஸ்டால்' என்று ஒரு வரி போட்டால் போதும், இமேஜ் கட்டும்போதே தேவையான பேக்கேஜ் எல்லாம் தானாக வந்து இறங்கும். வசதிதான், மறுக்க முடியாது. ஆனால் லாக் ஃபைலைக் கூட அனுப்பாவிட்டால், நேற்று கட்டிய இமேஜும் இன்று கட்டுவதும் ஒன்றாக இருக்கும் என்று சொல்ல முடியாது. அளவு குறிக்காமல் பர்ச்சேஸ் ஆர்டர் போடுகிற கதைதான் (காமர்ஸ் மக்களுக்குப் புரியும்!).

2022 ஜனவரியில் கலர்ஸ் என்ற பேக்கேஜை எழுதியவரே, வேண்டுமென்றே முடிவில்லாத லூப் ஒன்றை அதன் புது வெர்ஷனில் வைத்தார். பூட்டாதவர்களுக்கு அது தானாகவே வந்து இறங்கியது. திரை முழுக்கக் கிறுக்கல். பழைய வெர்ஷனைப் பூட்டி வைத்திருந்தவர்களுக்கு ஒன்றும் ஆகவில்லை.

லாக் ஃபைலைக் காப்பி செய்து 'என்பிஎம் சிஐ' என்று மாற்ற எவ்வளவு நேரம் ஆகும்? கணக்கு ஒத்துவராவிட்டால் பில்ட் அங்கேயே நின்றுவிடும். நிற்கட்டுமே, கஸ்டமர் முன்னால் நிற்பதற்கு இது தேவலாம்.