ஹாலோவீன் விருந்தும் பொய்ப் பயமும்

அமெரிக்காவில் அக்டோபர் 31 நெருங்கினாலே பெற்றோருக்கு ஒரு கிலி. முன்பின் தெரியாத யாரோ மிட்டாயில் விஷம் வைத்துவிடுவாராம்! சமூகவியலாளர் ஜோயல் பெஸ்ட் 1958 முதல் வந்த செய்திகளை அலசிப் பார்த்தார். அப்படி ஒரு குழந்தைகூட இறந்ததாக உறுதியாகவில்லை. 1974-இல் டெக்சாசில் சயனைடு கலந்த மிட்டாய் தின்று ஒரு சிறுவன் இறந்தது உண்மைதான். கொடுத்தது யார்? காப்பீட்டுப் பணத்துக்கு ஆசைப்பட்ட சொந்த அப்பா!

இந்தப் பயத்தில் பலர் தெருவே வேண்டாமென்று வீட்டிலேயே விருந்து வைக்கிறார்கள். வைக்கட்டும். ஆனால் குடைந்த பரங்கிக்காய்க்குள் மெழுகுவர்த்தி எரிய, அதைச் சுற்றி பாலியஸ்டர் அங்கியில் குட்டிச் சூனியக்காரிகள் ஓடுகிறார்களே, அது யார் கண்ணிலும் படவில்லையா? பிரிட்டனில் தொலைக்காட்சித் தொகுப்பாளர் கிளாடியா விங்கிள்மேனின் மகளுடைய வேட உடை 2014 ஹாலோவீன் அன்று இப்படித்தான் தீப்பிடித்தது. குழந்தைக்குப் பலத்த தீக்காயம். அந்நாட்டுச் சட்டப்படி வேட உடை ஒரு விளையாட்டுச் சாமான். குழந்தைகளின் இரவு உடைக்கு இருக்கும் கடுமையான தீச்சோதனை அதற்குக் கட்டாயமில்லை.

எங்கோ இருக்கும் விஷக்காரனைத் தேடும் பெற்றோர், முதலில் தங்கள் கையிலுள்ள தீப்பெட்டியைக் கீழே வைக்கட்டும். பரங்கிக்காய்க்குள் பேட்டரி விளக்கு வைத்தால் எந்தப் பேயும் கோபித்துக்கொள்ளாது!