குத்தூசியை மறப்பதா?



ஈரோட்டில் பெரியார் 1925-ல் ‘குடி அரசு’ தந்தார். 1928-ல் ‘ரிவோல்ட்’ எனும் ஆங்கில ஏடும் தந்தார். அந்த ஆங்கில ஏட்டில் அவருக்குத் தோள் கொடுத்தவர் 22 வயது இளைஞர் குருசாமி. பின்னாளில் ‘விடுதலை’யில் ‘பலசரக்கு மூட்டை’ அவிழ்த்த குத்தூசியார் அவரே! படித்தவன் சிரித்தான், சிரித்தபின் சிந்தித்தான்.

1962-ல் பெரியாரும் அவரும் பிரிந்தனர். 1965 அக்டோபர் 11-ல் குத்தூசியார் மறைந்தார். பிரிந்தவர் என்பதற்காக அவர் பெயரை மறைப்பதா? தறி ஓட்டியவன் ஆலையை விட்டு விலகினால், அவன் நெய்த துணி இல்லையென்று ஆகிவிடுமா?

கோவை மில் தோழா! பிணக்கு அவர்களோடு போகட்டும். உழைப்பு நம்மோடு நிற்கட்டும். உன் படிப்பகத்தில் அவர் எழுத்தை வை. உரக்கப் படி, பத்துப்பேர் கேட்கட்டும்!