அறிவுரை போதும், காது கொடுங்கள்!



சூளையைப் பற்றி விருத்தாசலத்துக்காரர்களுக்கு யாரும் பாடம் நடத்த வேண்டியதில்லை. ஈரம் காயாத பீங்கான் சரக்கைச் சூளையில் அடுக்கி ஒரேயடியாகச் சூட்டை ஏற்றினால் என்னவாகும்? வெடித்துவிடும். நிதானமாக உலர்த்தி, படிப்படியாகச் சூடேற்றி, பொறுமையாக ஆறவிட்டால்தான் சரக்கு தேறும். மண்ணுக்குக் காட்டும் இந்தப் பக்குவத்தை நாம் பெற்ற பிள்ளைகளுக்குக் காட்டுகிறோமா?

செராமிக் பட்டறைத் தொழிலாளியின் மகனும், கடைவீதியில் சிறு கடை வைத்திருப்பவரின் மகளும் இன்று கொளஞ்சியப்பர் அரசு கலைக் கல்லூரிக்கும், சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்துக்கும், சென்னைக்கும் படிக்கப் போகிறார்கள். பல வீடுகளில் கல்லூரி வாசலை மிதிக்கும் முதல் தலைமுறை இவர்கள்தான். புரியாத ஆங்கிலத்தில் பாடம், சேர்ந்துபோன அரியர், கட்டவேண்டிய பணம், "எப்போது சம்பாதிக்கப் போகிறாய்?" என்று வீட்டில் கேட்கும் கேள்வி. இத்தனை சூட்டையும் ஒரே நேரத்தில் ஏற்றுகிறோம். பிறகு, "பிள்ளை ஏன் இப்படி ஆகிவிட்டான்?" என்று திகைக்கிறோம்.

தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்கைப் பாருங்கள். 2022ஆம் ஆண்டில் மட்டும் இந்தியாவில் 13,044 மாணவர்கள் தற்கொலை செய்துகொண்டனர். அவர்களில் 1,416 பேர் தமிழகத்துப் பிள்ளைகள். மராட்டியத்துக்கு அடுத்த இடம் நமக்கு! கல்வியில் முன்னேறிய மாநிலம் என்று மார்தட்டும் நாம் இதற்குத் தலைகுனிய வேண்டாமா?

மற்றவர்களைச் சொல்வதற்கு முன் என் தவறைச் சொல்லிவிடுகிறேன். சில ஆண்டுகளுக்கு முன் இஷா தொழுகைக்குப் பின் ஒரு கல்லூரி மாணவன் என்னிடம் வந்தான். "ஹஜ்ரத், தூக்கமே வருவதில்லை, புத்தகத்தைத் திறந்தாலே நெஞ்சு அடைக்கிறது" என்றான். நான் என்ன செய்தேன்? அரைமணி நேரம் பயான் செய்தேன். தொழுகையைப் பேணச் சொன்னேன், ஈமானை வலுப்படுத்தச் சொன்னேன், அனுப்பிவிட்டேன். அவனிடம் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. அன்றிரவு அவனோடு விடிய விடிய உட்கார்ந்திருந்து, அவன் சொன்னதையெல்லாம் கேட்டு, காலையில் மருத்துவரிடம் அழைத்துப் போனவன் அவனுடைய அறைத்தோழன். ஆலிம் செய்யத் தவறியதை ஒரு இருபது வயதுப் பையன் செய்தான். அல்ஹம்துலில்லாஹ், அந்த மாணவன் இன்று நலமாக இருக்கிறான்.

மனம் சோர்ந்தவனைப் பார்த்து "உனக்கு ஈமான் குறைவு" என்று சொல்ல நாம் யார்? மகன் யூசுபைப் பிரிந்த துயரத்தில் யஃகூப் நபி அவர்கள் கண்பார்வையையே இழந்தார்கள். அவர்களுடைய ஈமானில் குறை காண யாருக்குத் துணிவு வரும்?

அந்த அறைத்தோழன் எனக்குக் கற்றுத்தந்த பாடம் இதுதான்: கலங்கிப்போன மாணவன் முதலில் தேடுவது தந்தையையோ ஆசிரியரையோ அல்ல, தன் வயதுத் தோழனை. அப்படியானால் அந்தத் தோழனைத் தயார்படுத்துவதுதானே நம் முதல் வேலை?

இது புதிய யோசனை அல்ல. 1986இல் டாக்டர் லட்சுமி விஜயகுமார் சென்னையில் தொடங்கிய சிநேகா அமைப்பு, பயிற்சி பெற்ற தன்னார்வலர்களைக் கொண்டே மனம் உடைந்தவர்களுக்குக் காது கொடுத்து வருகிறது. 2022 டிசம்பரில் தமிழக அரசு 'மனம்' என்ற பெயரில் மனநல நல்லாதரவு மன்றங்களை மருத்துவக் கல்லூரிகளில் தொடங்கியது. மாணவர்களையே சக மாணவர்களுக்குத் துணையாக்குவது அதன் நோக்கம். 2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம், 100 அல்லது அதற்கு மேற்பட்ட மாணவர்கள் படிக்கும் கல்வி நிலையங்கள் தகுதிபெற்ற மனநல ஆலோசகர் ஒருவரையாவது நியமிக்க வேண்டும் என்று வழிகாட்டுதல் தந்தது. உங்கள் பிள்ளை படிக்கும் கல்லூரியில் அப்படி ஒருவர் இருக்கிறாரா? கேளுங்கள். இல்லையென்றால் மனுக் கொடுங்கள். கேட்பது நம் உரிமை.

அதுவரை கைகட்டி நிற்பதா? வேண்டாம்.

இளைஞர்களே! வாரத்தில் ஒரு நாள், ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். எட்டுப் பத்து மாணவர்கள் வட்டமாக உட்காருங்கள். மாணவிகள் தங்களுக்குத் தனியாக ஒரு வட்டம் வைத்துக்கொள்ளட்டும். அரியரில் விழுந்து எழுந்த மூத்த மாணவர் ஒருவர் நடத்தட்டும். தேர்வுக்கு எப்படி நேரம் வகுப்பது, இரவெல்லாம் விழித்துப் படிப்பது ஏன் நினைவாற்றலைக் கெடுக்கும், பதற்றம் வந்தால் மூச்சை நிதானமாக விடுவது எப்படி என்று பேசுங்கள். ஒருவன் பேசும்போது குறுக்கே பேசாதீர்கள், கேலி செய்யாதீர்கள், வட்டத்தில் கேட்டதை வெளியே கொண்டு போகாதீர்கள்.

ஆனால் உயிருக்கு ஆபத்து என்று தெரிந்தால் ரகசியம் காக்கக் கூடாது. "சாக வேண்டும் என்று தோன்றுகிறதா?" என்று நேராகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் வந்துவிடாது, பாரம்தான் இறங்கும். ஆம் என்றால் அவனைத் தனியே விடாதீர்கள். மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள். 14416 என்ற இலவச எண்ணில் இரவும் பகலும் தமிழில் பேசலாம். தோழன் மருத்துவரல்ல, மருத்துவரிடம் கைபிடித்துக் கூட்டிப் போகிறவன்.

"போலீஸ் கேஸ் ஆகிவிடும்" என்று அஞ்சிப் பல குடும்பங்கள் மூடி மறைக்கின்றன. 2017ஆம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டம், தற்கொலைக்கு முயன்றவரைக் கடும் மன அழுத்தத்துக்கு ஆளானவராகவே கருதச் சொல்கிறது. தண்டிக்கச் சொல்லவில்லை. சிகிச்சையும் மறுவாழ்வும் அளிப்பது அரசின் கடமை என்கிறது.

வணிகப் பெருமக்களே! உங்களிடம் கேட்பது பெரிய தொகை அல்ல. கடை மாடியில் ஓர் அறை, நான்கு பாய், ஒரு மின்விசிறி, வந்தவர்களுக்குத் தேநீர். கூடவே, அரியர் வைத்த பையனைக் கடை வாசலில் நிறுத்தி நாலு பேர் முன்னால் "என்னப்பா, எத்தனை பேப்பர் பாக்கி?" என்று கேட்பதை நிறுத்துங்கள். அதற்குப் பணமே செலவாகாது!

பெற்றோரே! இன்றிரவு சாப்பாட்டுத் தட்டின் முன் மதிப்பெண்ணைக் கேட்காதீர்கள். "எப்படி இருக்கிறாய் கண்ணு?" என்று கேளுங்கள். பதில் வரும்வரை காத்திருங்கள்.

ஜனாஸாவுக்குத் திரண்டு வரும் சமுதாயம், பிள்ளை உயிரோடிருக்கும்போது அவன் பேச்சைக் கேட்கத் திரள வேண்டாமா?

வரும் வாரமே முதல் வட்டத்தைத் தொடங்குவோம், இன்ஷா அல்லாஹ்!