படத்தோடு போன முகவரி

சில மாதங்களுக்கு முன் காலை நிகழ்ச்சியை முடித்துவிட்டுப் பசியாற உட்கார்ந்தபோது, புலனத்தில் ஒரு கோப்பு வந்து விழுந்தது. அனுப்பியவன் என் சித்தி மகன். பாயான் லெப்பாசில் பொறியியலாளர். இரண்டு வருடம் காசு சேர்த்து, மீடியம் ஃபார்மட் டிஜிட்டல் கேமரா ஒன்றைச் செகண்ட் ஹேண்டில் வாங்கியிருந்தான்.

"அக்கா, சாதாரணமா அனுப்பினா தரம் போயிடும். டாக்குமெண்டா அனுப்பியிருக்கேன். பெருசாக்கிப் பாருங்க!"

பெரிதாக்கினேன். தெலுக் பஹாங் பக்கத்துக் காடு, ஒரு மரப்பொந்து, அதன் வாசலில் சோலைபாடி. மலாயில் முராய் பத்து என்பார்களே, அதே பறவை. அலகில் இருந்த பூச்சியின் கால்களைக்கூட எண்ணலாம்.

இதுதான் அந்தக் கேமராவின் மகிமை. ஃபுல் ஃபிரேம் கேமராவின் சென்சார் 36க்கு 24 மில்லிமீட்டர். மீடியம் ஃபார்மட் டிஜிட்டலில் இன்று பரவலாக இருப்பது 44க்கு 33. பரப்பளவில் ஏறக்குறைய 1.7 மடங்கு. 2019இல் வந்த ஃபியூஜிஃபில்ம் ஜிஎஃப்எக்ஸ் 100 கேமராவில் 102 மெகாபிக்சல். ஆனால் அந்தப் படத்தை 1080 பிக்சல் அகலத்துக்குச் சுருக்கி வலைத்தளத்தில் போட்டால், நூற்றில் ஒரு பங்குகூட மிஞ்சாது. முழுக் கோப்பையும் அனுப்பத் தம்பி ஆசைப்பட்டதில் தப்பில்லை.

தப்பு செய்தது நான். பெருமை தாங்காமல் மூன்று குழுக்களுக்கு அப்படியே தட்டிவிட்டேன். அன்று மாலை ஒரு குழுவிலிருந்து பதில்: "மரம் எங்கே இருக்குன்னு தெரிஞ்சிடுச்சு!" கூடவே வரைபடத்தில் ஒரு சிவப்புப் புள்ளி.

தம்பியின் கேமரா கைப்பேசியோடு இணைந்திருந்தது. இருக்கும் இடத்தைக் கைப்பேசி சொல்ல, கேமரா அதைக் கோப்புக்குள் எழுதி வைத்திருக்கிறது. சாதாரணப் படமாக அனுப்பினால் புலனம் அந்தக் குறிப்பை நீக்கிவிடும். டாக்குமெண்டாக அனுப்பினால் எதையும் தொடாது. தரத்தோடு முகவரியும் போய்ச் சேர்ந்தது.

சோலைபாடியின் குரலுக்குக் கூண்டுப் பறவைச் சந்தையில் நல்ல விலை உண்டு. இரண்டு வாரம் கழித்துத் தம்பி போய்ப் பார்த்தபோது பொந்து காலி. குஞ்சுகள் வளர்ந்து பறந்திருக்கலாம். யாரோ வலை விரித்திருக்கவும் கூடும். எது என்று தெரியாததுதான் இன்றுவரை உறுத்துகிறது.

உலகம் இந்தப் பாடத்தை முன்பே படித்திருக்கிறது. 1999இல் சீனாவின் தென்பகுதியில் புதிய பல்லி இனம் ஒன்றை விஞ்ஞானிகள் இடத்தோடு அறிவித்தார்கள். செல்லப்பிராணி வியாபாரிகள் தேடி வந்து பிடித்ததில், அந்த இடத்தில் அந்தப் பல்லியே இல்லாமல் போனது.

அதற்காகப் படமே பகிராதீர்கள் என்று சொல்லவில்லை. கண்ணைச் சுற்றி வெள்ளை வளையம் போட்ட நம் லோத்தோங் குரங்குகளை, படம் பார்த்து நேசிக்கத் தொடங்கியவர்கள் எத்தனையோ பேர். அவை அடிபடாமல் சாலையைக் கடக்க, 2019இல் தெலுக் பஹாங்கில் பழைய தீயணைப்புக் குழாய்களால் மேம்பாலம் கட்டினார்கள். 2021இல் கொடிமலையை யுனெஸ்கோ உயிர்க்கோளக் காப்பகமாக அறிவித்தது. மலையையும் மேகத்தையும் தாராளமாகப் பகிருங்கள். மலை எங்கேயும் போய்விடாது.

கூடு, குஞ்சு, அரிய பறவை என்றால் மட்டும் கொஞ்சம் நிதானம். கேமராவின் கைப்பேசிச் செயலியில் இடக்குறிப்பை அணைத்து வையுங்கள். பகிர்வதற்குத் தனியாகச் சிறிய நகல் எடுத்து, அதில் இடத் தகவலை நீக்குங்கள். பின்னணியில் பெயர்ப்பலகை தெரிந்தால் வெட்டுங்கள். குஞ்சுகள் கூட்டை விட்டுப் பறந்த பிறகு போடுங்கள். "எங்கே எடுத்தது?" என்று கேட்டால், "பினாங்கு" என்பதே போதுமான பதில்.

தம்பி போன வாரம் இன்னொரு படம் அனுப்பினான். எந்தக் காடு என்று கேட்க வாயெடுத்தேன். கேட்கவில்லை.