வெள்ளிக் கைகளும் வெட்டப்பட்ட முகமும்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். என் வகுப்புத் தோழன் எடுத்த அந்தப் படம் நல்ல படம். துறை விழாவில் முதல் பரிசு வாங்கியது, அதிலும் தப்பில்லை. ஆனாலும் எனக்கு அதில் ஒரு சண்டை இருக்கிறது. அவனிடம் நேரிலேயே போட்டாச்சு, அதனால் இது புறணி இல்லை :-)

பார்க்காதவர்களுக்காக: சிவகாசி - சாத்தூர் சாலையில் ஒரு பஸ் ஸ்டாப். பட்டாசு ஆலையில் வேலை முடித்து வந்த ஒரு அக்கா உட்கார்ந்திருக்கிறார். மடியில் இரண்டு கைகள். விரல் இடுக்கெல்லாம் அலுமினியப் பவுடர். கருப்பு வெள்ளையில் அந்தக் கைகள் வெள்ளியில் வார்த்த மாதிரி மின்னுகின்றன. கழுத்துக்கு மேலே எதுவும் இல்லை.

வெளிச்சத்தில் குறை சொல்லவே முடியாது. சாயங்கால வெயில் பக்கவாட்டில் தாழ்ந்து விழுவதால் தோலின் சுருக்கம்கூடத் தனியாகத் தெரிகிறது. "அந்த லைட்டுக்காக ஒரு மணி நேரம் நின்னேன் மாப்ள" என்றான். அந்த அக்காவும் நாள் முழுக்க அதே வெயிலை நம்பித்தான் வேலை பார்த்திருப்பார். மருந்து கையாளும் அறைகளில் மின்விளக்குக்கு இடமில்லை. கதவைத் திறந்து வைத்து, பகல் வெளிச்சத்தில்தான் வேலை. வெயில் தாழ்ந்தால் ஆலை விடும். படத்தில் இருப்பது அழகான வெளிச்சம் மட்டுமல்ல, வேலை முடிந்த நேரம். அதைச் சொல்ல ஒரு தூக்குவாளியோ, ஆலை வேனின் ஒரு ஓரமோ போதும். எல்லாவற்றையும் வெட்டிவிட்டான்.

எங்கள் சித்தியும் பட்டாசு வேலைக்குத்தான் போகிறார். எத்தனை சோப்பு போட்டாலும் நகக்கண்ணில் அந்தத் தூள் நிற்கும். எனக்கு அது வெள்ளி இல்லை. ஒரு பொறி பட்டால் என்ன ஆகும் என்று ஊருக்கே தெரியும். 2012-இல் முதலிப்பட்டியில் நடந்ததை நாம் மறக்கவில்லை.

அமெரிக்காவில் லூயிஸ் ஹைன் 1908 முதல் பஞ்சாலைகளில் குழந்தைத் தொழிலாளர்களைப் படம் எடுத்தார். பிள்ளைகளின் கண் உயரத்துக்குக் கேமராவை இறக்கி, பக்கத்தில் ராட்சத இயந்திரத்தையும் சேர்த்தே எடுப்பார். பிள்ளை எவ்வளவு சின்னது என்று பார்த்ததும் புரியும். முகம் நம்மை நேராகப் பார்க்கும். இன்னொரு வேடிக்கை, அவர் இருட்டில் கொளுத்தியது மக்னீசியம் ஃபிளாஷ் பவுடர். நம்ம பட்டாசு மருந்துக்குச் சொந்தக்காரன்!

நம்மாள் நின்றபடி, மேலிருந்து கீழே எடுத்திருக்கிறான். கைகள் ஒரு பொருளாகிவிட்டன.

மீதிப் படங்களையும் காட்டச் சொன்னேன். ஒன்றில் அந்த அக்கா நிமிர்ந்து சிரிக்கிறார். பின்னால் வேன், வானம் வெளுத்துப் போயிருக்கிறது. "ஓவர் எக்ஸ்போஸ், அதான் விட்டுட்டேன்" என்றான். என்னைக் கேட்டால் பரிசுக்குரிய படம் அதுதான். வானம் வெளுத்தால் என்ன, ஆள் இருக்கிறாரே!

"அந்த அக்காகிட்ட படத்தைக் காட்டினியா?" என்று கேட்டேன். பதில் இல்லை. கொஞ்ச நேரம் கழித்து, "பிரிண்ட் எவ்வளவுடா ஆகும்?" என்றான்.

வருகிற சனிக்கிழமை சாயங்காலம் இரண்டு பேரும் அதே பஸ் ஸ்டாப்புக்குப் போகிறோம்.