சுவரில் உள்ள திரைக்குத் தமிழ் தெரியுமா?

இன்றைய கட்டடங்களில் குளிர்சாதனம், விளக்கு, காற்றோட்டம் ஆகிய அனைத்தும் சுவரில் பதித்த ஒரு தொடுதிரைக்குள் அடங்கிவிட்டன. வெவ்வேறு நிறுவனங்களின் கருவிகள் தங்களுக்குள் தகவல் பரிமாறிக்கொள்ள 1995ஆம் ஆண்டில் 'பேக்நெட்' என்னும் பொதுநெறி வெளியானது. 2003இல் அது அனைத்துலகத் தரமாகவும் ஏற்கப்பட்டது. கருவிகளுக்கு ஒரு பொதுமொழி கிடைத்துவிட்டது. அவற்றை இயக்கும் மனிதருக்குக் கிடைத்ததா?

பொறியியல் மாணவி என்ற முறையில், இத்திரைகளின் மென்பொருளில் சேர்ந்துவரும் புதிய வசதிகளை நான் வரவேற்கிறேன். மாடியின் வரைபடத்தில் ஓர் அறையைத் தொட்டு, அவ்வறையின் விளக்கை மட்டும் அணைக்கலாம். 'விரிவுரை', 'துப்புரவு' என ஒரே பொத்தானில் பல கட்டளைகளை அடக்கலாம். கடந்த வாரத்தின் வெப்பநிலையை வரைகோடாகப் பார்க்கலாம். யார் எதை மாற்றலாம் என்பதையும் கடவுச்சொல்லால் வரையறுக்கலாம்.

ஆனால், அலுவலகம் முடிந்தபின் அத்திரையைத் தொடுபவர் யார்? துப்புரவாளர், பாதுகாவலர், பராமரிப்பு ஊழியர். சிங்கப்பூரில் இவ்வேலைகளில் தமிழகத்திலிருந்து வந்தவர்களும் இருக்கின்றனர். விடுமுறைப் பயிற்சிக்காக நான் சென்ற ஒரு கட்டடத்தில், திரையின் எச்சரிக்கைப் பட்டியலில் ஒரு சிவப்பு வரி மின்னியது. தமிழக ஊழியர் ஒருவர் 'அக்னாலெட்ஜ்' என்ற பொத்தானை அழுத்தினார். மின்னுவது நின்றது. கோளாறு தீர்ந்தது என்று எண்ணி அவர் அடுத்த வேலைக்குச் சென்றார். அப்பொத்தானுக்கு 'ஒருவர் பார்த்துவிட்டார்' என்பது மட்டுமே பொருள். நீர் பம்பு ஓடாமலேதான் இருந்தது. அந்தப் பம்பைக் கழற்றிப் பூட்டத் தெரிந்தவர் அவர். எனக்கு அது தெரியாது. பொத்தானில் 'கண்டேன்' என்று எழுதியிருந்தால் அவருக்கு அந்தக் குழப்பம் வந்திருக்காது.

படக்குறிகள் போதாதா என்று சிலர் கேட்கலாம். பனித்துளிப் படம் குளிர்சாதனத்தைக் காட்டும். 'விடுமுறை நாள் தவிர, காலை 8 மணி முதல்' என்பதை எந்தப் படம் காட்டும்? ஆங்கிலம் கற்றுக்கொள்ளட்டும் என்பாரும் உளர். கற்கட்டும், நல்லதே. ஆனால் அபாய எச்சரிக்கை அதுவரை காத்திருக்காது. கட்டுமானத் தளங்களில் நான்கு மொழிகளில் எச்சரிக்கைப் பலகை வைப்பது இதனால்தானே? அப்பலகையின் வேலையை இன்று திரை செய்கிறது. திரையில் மட்டும் ஏன் ஒரே மொழி?

தொழில்நுட்பத் தடைகள் உண்டு என்பதை மறுக்கவில்லை. 1991 முதலே யூனிகோடில் தமிழுக்கு இடம் உண்டு. எனினும் 'கொ' போன்ற எழுத்தில் உயிர்க்குறி மெய்யின் இருபுறமும் வரவேண்டும். அதற்கான எழுத்துக்கோப்பு நிரல் இல்லாத சிறு திரைகளில் எழுத்துகள் சிதைந்து தெரியும். தமிழ்ச் சொற்கள் நீளமாகிப் பொத்தானை மீறுவதும் உண்டு. இவை தீராத சிக்கல்கள் அல்ல. 2005இல் 'செல்லினம்' அன்றைய சிறிய கைப்பேசித் திரையிலேயே தமிழை எழுத வைத்தது. அதனினும் பெரிய சுவர்த்திரையில் முடியாதா?

முடியும், ஆனால் யாராவது கேட்க வேண்டும். கட்டட உரிமையாளர் ஒப்பந்தப்புள்ளி கோரும்போதே, மொழித் தெரிவு வேண்டும் என ஒரு வரி சேர்த்தால் நிறுவனங்கள் செய்து தரும். அப்போது அவர்களுக்குச் சொற்கள் தேவைப்படும். அங்கேதான் நமக்கு வேலை இருக்கிறது. பட்டிமன்றமும் கவியரங்கமும் நடத்தும் நம் தமிழ்ப் பேரவை, இத்திரைகளுக்கென ஐம்பது சொற்களைத் தொகுக்கலாம். 'இலக்கு வெப்பநிலை', 'நேர அட்டவணை', 'கைமுறை இயக்கம்' எனத் தொடங்கலாம். தொகுத்ததை அகராதிக்குள் பூட்டிவைக்காமல், ஊழியர்களிடம் காட்டி, அவர்களுக்குப் புரியாத சொல்லைத் தயங்காமல் மாற்ற வேண்டும்.

தமிழ் இந்நாட்டின் அதிகாரத்துவ மொழிகளுள் ஒன்று என்று மேடையில் பெருமை கொள்கிறோம். இரவுப் பணியில் இருக்கும் ஒரு தமிழருக்கு அப்பெருமை உதவ வேண்டுமானால், அது அவர் விரல் தொடும் பொத்தானில் எழுதப்பட்டிருக்க வேண்டும். சிந்திப்போம், செயல்படுவோம்.